பவுசரில் முந்தி என்ன இருந்தது?

எங்கள் தொழிலில் லொறிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. இதற்கு முதல் என்ன இருந்தது என்பதில்தான் அத்தனை சண்டையும்.

தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு குடும்பக் கொம்பனி. பெட்டியில், மூட்டையில், போத்தலில் அடைக்காத சரக்கை அப்படியே பவுசரில், அதாவது தாங்கி லொறியில், ஊற்றியோ சைலோ லொறியில் கொட்டியோ கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுடைய வேலை. அமிலம், பசை, பிளாஸ்டிக் மணி, கோதுமை மா, குளுக்கோஸ் பாணி, சமையல் எண்ணெய் என்று எதுவும் வரும். பாரிசுக்குப் பக்கத்தில் ஒபர்வில்லியேயில் அவர்களுக்கு ஒரு சின்னக் கந்தோர் இருக்கிறது. எந்தப் பவுசர் எந்தத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும், திரும்பி வரும் வழியில் எங்கே கழுவப்படவேண்டும் என்று தீர்மானிக்கிற மேசை என்னுடையது. பெயர் பவானி. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். கந்தோரில் என்னோடு பாண்டிச்சேரி அந்துவான் ஐயா. சான்றிதழ்களும் சட்டதிட்டங்களும் அவர் பொறுப்பு. வெளியே மூன்று சாரதிகள். மூத்தவர் ரவி அண்ணை. மொத்தம் ஐந்து பேர், அவ்வளவுதான் கொம்பனியின் பாரிஸ் கிளை.

போன வருஷம் ஜெர்மனியில் ஒரு பேச்சுக் கிளம்பியது. பாரிசில் ஒரு மேசை எதற்கு, ரைன் நதிக்கரையில் இருக்கும் கணினியே எல்லா லொறிகளையும் ஓட்டிவிடுமே என்று. ஓட்டிவிட்டால் நாங்கள் ஐந்து பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முடிவு சொல்ல முதலாளியம்மா நேரில் வருவார் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. விசாவுக்கு ப்ரெஃபெக்ச்சூர் வரிசையில் நின்றவர்களுக்கும், வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கும் அந்தக் காத்திருப்பை நான் விளக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் என் கூட்டாளிகள். ஆகவே அந்த வருஷத்துக் கதைகளை உங்களிடம்தான் கொட்ட முடியும்.

கலியாணக் கதிரைகள்

ஜெர்மனியிலிருந்து லொறி வரவழைக்கிற வேலை எனக்கு என்று லாச்சப்பலில் தெரியவந்த நாளிலிருந்து அங்குள்ள ரூ லூயி-பிளாங்க் தெருவில் நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்க முடிந்ததில்லை. ஒருவருக்கு ஜெர்மனியில் மச்சான் வீட்டில் ஒரு தையல் மெஷின் நிற்கும். இன்னொருவருக்கு ஒரு கட்டு வாழையிலை. "லொறி வெறுமையாத்தானே திரும்புது" என்பார்கள். கலியாண மண்டப அலங்காரம் செய்கிற யோகமலர் அக்கா ஒருபடி மேலே போய்விட்டார். டுசல்டோர்ஃப் பக்கத்தில் யாரோ கடையை மூடுகிறார்களாம், பொன்முலாம் பூசிய மணவறைக் கதிரை ஒரு சோடி மலிவாக வருகிறதாம், நான் லொறியில் போட்டு அனுப்பவேண்டுமாம்.

அக்காவை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். பவுசர் என்பது முழுவதும் மூடின உருக்குத் தாழி. மேலே ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு மூடி, கீழே ஒரு குழாய், வேறு வாசல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த வாரம் என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டுக் கொம்பனி வரலாறு படிப்பித்தார்கள். அதையும் அவருக்கு எடுத்துவிட்டேன். இப்போதைய முதலாளியம்மாவின் தாத்தா ஒரு சாயத் தொழிற்சாலைக்கு அசற்றிக் அமிலம் ஏற்றிப் பெயரெடுத்தவர், அன்றைக்கும் அவரிடம் இருந்தது தாழிதான், பெட்டி லொறி அந்தக் குடும்பத்தில் யாரும் வைத்திருந்ததே இல்லை என்றேன். அக்கா வடையைக் கடித்தபடி முழுவதையும் கேட்டார்.

"அப்ப கதிரையைக் கரைச்சு ஊத்தினால்தான் கொண்டுவருவன் எண்டு சொல்லுறாய், அப்பிடித்தானே?"

காவலாளி கண்ட கசிவு

அந்தத் தாத்தாவுக்குப் பிறகு அவருடைய மகன். அவர் காலத்தில் தாழிக்குள்ளே ரப்பர் பூசும் முறை வந்தது. இரும்பையே தின்கிற அமிலங்களை அவருடைய பவுசர்கள் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோக, பெரிய இரசாயனத் தொழிற்சாலைகள் எல்லாம் அவரைத் தேடி வந்தன. அன்றைக்குப் போட்ட சட்டம் இன்றைக்கும் இருக்கிறது: நிற்கிற பவுசருக்குக் கீழே நிலம் காய்ந்திருக்கவேண்டும். மழைத் தண்ணி தேங்கினாலே தொழிற்சாலை வாசற்காவலர் குனிந்து மணந்து பார்ப்பார்.

ரவி அண்ணைக்குப் புத்தம்புதுப் பவுசர் கொடுத்தார்கள். புது வாகனம் பூசை இல்லாமல் சரக்கேற்றுவதா? லாச்சப்பல் கோயில் வாசலுக்கு அந்த நீளத்து லொறி திரும்பாது. அதனால் முதல் சரக்கு ஏற்றப்போன இரசாயனத் தொழிற்சாலையின் வாசலிலேயே காரியத்தை முடிக்கத் தீர்மானித்தார். கற்பூரம் கொளுத்தாத அளவுக்குப் புத்தி இருந்தது. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார், பவுசரை மும்முறை சுற்றி வந்தார், தேங்காயை ஓங்கி அடித்தார். கமராவில் பார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு மனிதர் எதையோ வீசுகிறார், பவுசருக்குக் கீழே தண்ணி ஓடுகிறது. தொழிற்சாலையின் அபாயச் சங்கு ஊதியது. வாசல்கள் மூடின. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட நாலைந்து பேர் மண்வாளியோடு ஓடிவந்தார்கள்.

ரவி அண்ணை எனக்கு ஃபோன் அடித்தார். "தங்கச்சி, இஞ்சை தேங்காய்த் தண்ணிக்கு மண்போட்டு மூடுறாங்கள்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மற்ற லைனில் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார். நல்ல பெண்மணி. நான் சொன்ன விளக்கம் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். தேங்காய், தேசிக்காய், பிள்ளையார் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற சத்தமும் கேட்டது. கடைசியில் மிகவும் அக்கறையோடு கேட்டார்:

"சரி மதாம், அந்தத் திரவத்துக்குப் பாதுகாப்புத் தாள் இருக்கிறதா? இல்லாவிட்டால் அது தீப்பிடிக்குமா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள்."

ஆர்ஜொந்தெய்யில் ஒரு வெள்ளைக் கார்

அந்த மகன் வெறும் அமிலத்தோடு நின்றுவிடவில்லை. உலகம் பிளாஸ்டிக்குக்கு மாறப்போகிறது என்று முதலே மோப்பம் பிடித்துச் சைலோ லொறிகள் வாங்கினார். காற்றை அழுத்தி, மணி மணியான பிளாஸ்டிக்கைக் குழாய் வழியாகத் தொழிற்சாலையின் கூரை உயரத் தாழிக்குள் ஊதிவிடுகிற லொறி. பிளாஸ்டிக்கை ஊதலாம் என்றால் மாவையும் ஊதலாம்தானே? இப்படித்தான் கொம்பனி சாப்பாட்டுச் சாமானுக்குள் காலடி வைத்தது, அதற்கென்று தனி லொறிகளோடு.

பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் ஒரு பெரிய பாண் தொழிற்சாலைக்கு எங்கள் சாரதி ஒருவர் மா ஊதிக்கொண்டிருந்தார். அவர்களுடைய தாழியின் உச்சியில் காற்றை மட்டும் வெளியே விடுகிற துணிப்பை ஒன்று இருக்கும். அது கிழிந்திருந்தது யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தெரு முழுக்க மாப் படிந்துவிட்டது. லொறியின் பின்பக்கத்தில் எங்கள் கந்தோர் இலக்கம் கொட்டை எழுத்தில் இருப்பதால் முதல் ஃபோன் எனக்குத்தான் வந்தது. இலக்கணம் தவறாத பிரெஞ்சில் ஒரு முதியவர், தன் கார் மாவில் வெளுத்துப்போனதென்று பத்து நிமிஷம் விளாசினார். என்னுடைய பிரெஞ்சைக் கேட்டுக்கேட்டுச் சந்தேகம் வந்து, "நீங்க தமிழா?" என்றார். ஓம் என்றேன். பாண்டிச்சேரிக்காரர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராம். குரல் உடனே தணிந்தது. தமிழில் அவருக்குக் கோபப்படவே வரவில்லை.

"மத்தியானம் மழை வரும்னு மெத்தெயோவுல சொல்லியிருக்கான் மதாம். அதுக்குள்ள ஆளை அனுப்பிடுங்க, இல்லன்னா என் வொத்துய்ர் மேல சப்பாத்தி மாவு பிசைஞ்சிடும்."

அதுக்கு முந்தி?

இனி வருவது எங்கள் ஐந்து பேரையும் ஆட்டிவைத்த கதை.

சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற பவுசரில் சாப்பாட்டுச் சாமான் தவிர வேறெதுவும் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு முறையும் கொதிதண்ணியில் கழுவிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். சரக்கை வாங்குகிறவரிடம் அந்தப் பவுசர் கடைசியாக ஏற்றிய மூன்று சரக்குகளின் பெயரையும் கொடுக்கவேண்டும். எங்கள் கொம்பனியின் வழக்கம் அது. மூன்றைக் கொடுத்தால் கையெழுத்து, குழாய், வேலை முடிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தாளை முழுதாக வாசித்தவர்களையே நான் அதிகம் கண்டதில்லை.

செல்வம் அண்ணை வாசித்தார். ஒபர்வில்லியேயில் சூரியகாந்தி எண்ணெயைப் பவுசர்க் கணக்கில் இறக்கி, தகரத்தில் அடைத்து லாச்சப்பல் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுப்பவர். கோயில் மடப்பள்ளிக்கும் அவருடைய எண்ணெய்தான். தேர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ரவி அண்ணை பவுசரை அவருடைய வாசலில் விட்டுக் குழாயைக் கையில் எடுத்தாயிற்று. செல்வம் அண்ணை தாளைப் பார்த்தபடி எனக்கு ஃபோன் எடுத்தார். "சூரியகாந்தி, சரி. குளுக்கோஸ், சரி. கடுகெண்ணெய், சரி. அதுக்கு முந்தி என்ன பிள்ளை?"

அதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பதில் என் கண்ணுக்கு முன்னால் கணினியில் நின்றது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் நேராகக் கேட்கிறார், பதிலும் தெரிகிறது, எப்படித் தெரியாது என்பது? தேரன்று அந்த எண்ணெயில் பொரித்த வடைக்கு வரிசையில் நிற்கப்போகிறவர்களில் நானும் ஒருத்தி. "பன்றிக் கொழுப்பு, அண்ணை" என்றேன். "அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் கழுவியாச்சு. ஒரு துளி மிச்சமிராது." மறுமுனையில் தாள் சரசரத்தது. பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது.

"லொறியைத் திருப்பச் சொல்லு, தங்கச்சி. உன்னிலை எனக்குக் கோவமில்லை, ஆனா இதைக் கொண்டுபோய் நான் மடப்பள்ளியிலை என்னெண்டு இறக்கிறது?"

கேட்காத வினாவுக்கு விடை

நிறைந்த பவுசர் ஒன்று இறக்காமல் திரும்புவது எங்கள் தொழிலில் பெரிய அவமானம். வேறு ஆள் தேடி அந்த எண்ணெயை இறக்குவதற்குள் எத்தனையோ பேருக்கு ஃபோன் அடித்துவிட்டேன். செல்வம் அண்ணைக்கும் விலங்குக் கொழுப்பே காணாத வேறொரு பவுசரைத் தேடிப் பிடித்து, கழுவி, தேருக்கு முதல் எண்ணெயை அனுப்பிவைத்தேன். ஆனால் அதற்குள் கதை ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே திட்டமிடல் பிரிவுக்குத் தலைவர் யொனாஸ் என்ற இளைஞர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கணினியே எல்லாவற்றையும் ஓட்டிவிடும் என்று முதலாளியம்மாவிடம் ஓதியவர் அவர்தான், அதை மனதார நம்புகிறவரும் அவர்தான். ஃபோனில் குரலை உயர்த்தவில்லை. "மூன்று சரக்கு என்பது விதி. நீங்கள் நான்காவதைச் சொன்னீர்கள். கணினியாக இருந்தால் மூன்றோடு நின்றிருக்கும்" என்றார். அந்த ஒரு வசனத்தில் எங்கள் கிளையின் மரண அறிவித்தல் இருந்தது எனக்கு விளங்கியது. கோடை விடுமுறை முடிந்ததும் முதலாளியம்மாவோடு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பயமும் வந்தது, ஒளிப்பானேன்? ரவி அண்ணைக்கு இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? அந்துவான் ஐயா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

"பரீட்சையில கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் எழுதினா மார்க் போடமாட்டாங்க மதாம், பேப்பரைப் புடுங்கிக்குவாங்க."

சைவப் பவுசர்

நான் வாயைத் திறந்ததை நினைத்து நொந்துகொண்டிருந்தபோது, செல்வம் அண்ணையும் வாயைத் திறந்திருக்கிறார். கோயிலில், கடையில், செத்தவீட்டில், போகிற இடமெல்லாம். "கேட்டா அந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்லும்." லாச்சப்பலில் ஒரு பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் போதும். முதலில் ஒரு மிக்சர் தயாரிப்பாளர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒபர்வில்லியேயில் பேரீச்சம்பழ இனிப்புச் செய்கிற ஒரு அல்ஜீரியர் வந்தார். அவருக்கும் பன்றிதான் பிரச்சினை. பிறகு ஒரு யூத பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து தாடி வைத்த பெரியவர் வந்து, நான்காவது மட்டுமல்ல, தாழி பிறந்த நாளிலிருந்து சொல்லு என்றார். கடைசியாக மூக்கில் வளையம் போட்ட ஒரு பிரெஞ்சுப் பெண், முட்டையில்லாத மயோனேஸ் செய்கிறவள். அவளுக்கு எந்தச் சாமியும் இல்லை. ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. எங்களைச் சுற்றி ஒரு ஊரே இந்தக் கேள்வியைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாததால் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். அந்துவான் ஐயாவும் நானும் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து தாவரச் சரக்கைத் தவிர எதையும் காணாத பவுசர்களைப் பொறுக்கியெடுத்தோம். முதலாளியம்மா வரும்வரைக்குமாவது இவற்றைத் தனியாக ஓட்ட விடுங்கள் என்று யொனாஸிடம் கேட்டேன். எப்படியும் மூடப்போகிற கடைதானே என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று ஓம்பட்டார். சாரதிகள் அவற்றுக்குச் "சைவப் பவுசர்" என்று பெயர் வைத்தார்கள்.

செல்வம் அண்ணை ஒருநாள் பவுசர் வந்த சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தால், ரவி அண்ணை சாரதி ஆசனத்தில் இருந்து ஆட்டிறைச்சி ரோல் ஒன்றை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு முறைப்பாடு வந்தது. நான் ரவி அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது.

"தங்கச்சி, பவுசர்தான் சைவம். பின்னுக்கு இருக்கிற எண்ணெய்க்கும் முன்னுக்கு இருக்கிற எனக்கும் இடையிலை குழாய் ஒண்டும் இல்லை."

ஆண்டு மலரின் முதல் பக்கம்

முதலாளியம்மா வந்தார். பெயர் உர்சுலா, அறுபது வயதிருக்கும், கட்டை முடி, தட்டைச் சப்பாத்து. கைகுலுக்கினால் விரல் நோகும். தாத்தாவின் அமிலம், அப்பாவின் சைலோ எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி ஐரோப்பா முழுக்க அனுப்பியவர் இவர்தான். பின்னால் யொனாஸ் மடிக்கணினியோடு. அந்துவான் ஐயா குருவசான் பணிஸ் வாங்கி வைத்திருந்தார். நான் செல்வம் அண்ணையின் எண்ணெயில் பொரித்த வடை கொண்டுபோயிருந்தேன். ரவி அண்ணை வேலை இல்லாத நாளிலும் சேவ் எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கதவோரம் நின்றார். ஐந்து பேருடைய சோறு அந்த மேசையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

யொனாஸ் தன் பக்கத்தைச் சொன்னார். கணினி, வேகம், ஒரே இடத்தில் எல்லாம். சொன்னது எதுவும் பொய்யில்லை. திருப்பி அனுப்பிய பவுசரையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். முதலாளியம்மா என் பக்கம் திரும்பி, "நான்காவது சரக்கை ஏன் சொன்னீர்கள்?" என்றார். நான் தயார்பண்ணி வைத்திருந்த பேச்சு முழுவதும் எங்கேயோ போய்விட்டது. "கேட்டார், சொன்னேன்" என்றேன். "அதற்குப் பிறகு வந்தவர்களும் கேட்கிறார்கள், சொல்கிறேன். அதனால்தான் வருகிறார்கள்." சைவப் பவுசர்களின் ஓட்டத்தை அந்துவான் ஐயா எடுத்து வைத்தார். அவை ஒன்றுகூட அந்த மாதம் சும்மா நிற்கவில்லை. முதலாளியம்மா பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். நம்மவர்களைப் போலவே ஜெர்மன்காரரும் ஆண்டுவிழா என்றால் மலர் போடாமல் இருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. கொம்பனியின் வரலாறு, அச்சுக்குப் போகப்போகிற முதல் பிரதி. முதல் பக்கத்தில் தாத்தா, குதிரை பூட்டின தாழி வண்டிக்குப் பக்கத்தில் மீசையோடு நிற்கிறார். கீழே: எங்கள் முதல் சரக்கு, சாயத் தொழிற்சாலைக்கு அசற்றிக் அமிலம்.

படத்தைப் பார்த்தேன். தாழி பழசு. அடிப்பக்கம் கறுத்து, பட்டைகள் எல்லாம் நெளிந்திருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், வம்புக்குக் கேட்கவில்லை. வருஷக்கணக்காக இந்த மேசையில் இருந்து ஊறிப்போன பழக்கம், வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"இந்தத் தாழியில் இதற்கு முதல் என்ன இருந்தது?"

அந்துவான் ஐயா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். யொனாஸ், "இதுதான் முதல் சரக்கு, எழுதியிருக்கிறதே" என்றார். முதலாளியம்மா மலரைத் தன் பக்கம் இழுத்தார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, கிளையை நானே மூடிவிட்டேன் என்று நினைத்தேன். ரவி அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு அவர் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு தோள் குலுங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மலம்." யொனாஸ் குருவசானைக் கீழே வைத்துவிட்டார். "என் தாத்தா ஊரில் கக்கூசுக் குழிகளைத் துப்புரவாக்குகிறவர். அதற்குத்தான் இந்த வண்டி. ஊருக்குக் கழிவுக் குழாய் போட்டதும் அவருக்கு வேலை போய்விட்டது. தாழி மட்டும் மிச்சம். அதைச் சுரண்டிக் கழுவிக்கொண்டு சாயத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். அமிலத்தைத் தொட வேறு யாரும் சம்மதிக்காத காலம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று வாசலில் கேட்டார்களாம். உள்ளதைச் சொன்னாராம். மறைக்கவும் முடியாது, மணம் அப்படி. உண்மையைச் சொல்கிற ஆளை நம்பி அமிலத்தைக் கொடுக்கலாம் என்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுத மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது."

அந்துவான் ஐயா மெதுவாக என் கால்மேலிருந்து தன் காலை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாவின் மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. பெரிய கொம்பனிக்காரி, பயந்துகொண்டு இருந்தது எங்களைப் போலவே ஒரு கேள்விக்கு. அவர் ஒரு வடையை எடுத்து, பாதியைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று முடித்த பிறகுதான் முடிவைச் சொன்னார். சைவப் பவுசர்கள் முழுவதும் பாரிஸ் மேசையின் கீழ் வரும், இன்னும் சில தாழிகள் கூட வரும், மிச்ச லொறிகளை வேண்டுமானால் கணினி ஓட்டட்டும். ரவி அண்ணை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. யொனாஸ் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டார். எழும்பும்போது முதலாளியம்மா மலரை அவரிடம் நீட்டினார்.

"முதல் பக்கத்தைத் திரும்ப எழுதச் சொல்லு, யொனாஸ். மலம் என்றே எழுதட்டும்."

ஆக, அவதிப்படும் என் கூட்டாளிகளே, யாழ்ப்பாணத்தாரும் பாண்டிச்சேரிக்காரருமாக நாங்கள் ஐந்து பேர் இன்றைக்கும் பாரிசில் மாதச் சம்பளம் எடுப்பது, எங்களில் ஒருவரும் கண்ணால்கூடக் காணாத ஏதோ ஒரு ஜெர்மன் ஊரின் கக்கூசுக் குழிகள் செய்த புண்ணியத்தில்தான்.